சிரை முதிரும் காலம்

என் கணவருக்குச் சிறுநீரகங்கள் சரியாக வேலை செய்யவில்லை என்று தெரிந்தபோது வீட்டில் யாரும் அழவில்லை. டாக்டர் மாத்திரை எழுதினார், உப்பைக் குறைக்கச் சொன்னார். குறைத்தோம். அவர் எப்போதும்போல லோதி ரோடு குவார்ட்டர்ஸிலிருந்து ஆபீசுக்கு நடந்தே போய்வந்தார். நான் எப்போதும்போல மோதி பாக் தமிழ்ப் பள்ளிக்கு பஸ் ஏறினேன். சில வருடங்கள் அப்படியே ஓடின. கையில் ஒரு சின்ன ஆபரேஷன் செய்துவிடலாம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்குத்தான் எங்களுக்குள் சண்டை ஆரம்பித்தது.

டாக்டர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். இன்னும் கொஞ்ச காலத்தில் டயாலிசிஸ் தேவைப்படும். அதற்கு இரத்தம் வேகமாக வெளியே வந்து, இயந்திரத்தில் சுத்தமாகி, வேகமாக உள்ளே போக வேண்டும். சாதாரணச் சிரையில் அந்த வேகம் கிடையாது. அதனால் மணிக்கட்டில் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் சேர்த்துத் தைத்துவிட வேண்டும். சிரை பருத்து, சுவர் கெட்டிப்பட்டு, ஊசியைத் தாங்கும் நிலைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். அதை முதிர்வது என்று சொல்வார்கள். அதனால் இப்போதே செய்துவைப்பது நல்லது.

என் கணவர் தலையை ஆட்டினார். பைலை வாங்கிக்கொண்டார். வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும், "எனக்கு வேண்டாம்" என்றார்.

"என்னத்துக்கு வேண்டாங்கிய?"

"வேண்டாம்னா வேண்டாம். அங்க பெஞ்சில ஒருத்தர் இருந்தாரே, அவரு கையைப் பாத்தியா? பாம்பு சுத்திக் கிடக்குத மாதிரி."

நானும் பார்த்திருந்தேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கயிறுகயிறாகப் புடைத்த கை. பல வருட ஊசிகளின் தழும்பு. அது என்ன என்று எனக்குத் தெரியும். பள்ளியில் நான் உயிரியல் எடுக்கிறவள். ஆட்டோ போய்க்கொண்டிருக்கும்போதே அவருக்கு விளக்க ஆரம்பித்தேன். தமனியின் சுவர் தடிமனானது, நடு அடுக்கில் தசையும் மீள்தன்மையுள்ள நாரும் இருக்கும், இதயம் தள்ளுகிற அழுத்தத்தைத் தாங்கி விரிந்து சுருங்கும். ஆனால் அது ஆழத்தில் ஓடுகிறது. அதில் திரும்பத் திரும்பக் குத்த முடியாது. சிரை தோலுக்கடியிலேயே இருக்கிறது, குத்துவது சுலபம், ஆனால் சுவர் மெலிது, இரத்தமும் மெதுவாகத்தான் போகும். இரண்டையும் சேர்த்தால்...

"நான் என்ன, ஒன்னோட கிளாஸ் பயலா?" என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

பத்தாம் வகுப்புக்கு இரத்த ஓட்டம் பாடத்தை நான் எத்தனை தடவை எடுத்திருப்பேனோ தெரியாது. எனக்குப் பிடித்த பாடம் அது. புத்தகம் தேவைப்படாத பாடம். பிள்ளைகளைக் கையைத் தொங்கவிடச் சொல்லுவேன். புறங்கையில் சிரைகள் எழும்பியதும், ஒன்றை விரலால் அழுத்தி, இன்னொரு விரலால் இரத்தத்தை மேல்நோக்கி வழித்துவிடச் சொல்லுவேன். அந்த இடம் காலியாகவே கிடக்கும். மேலேயிருந்து இரத்தம் திரும்பி வராது. உள்ளே இருக்கும் வால்வு தடுத்துவிடும். கீழே அழுத்திய விரலை எடுத்ததும் சட்டென்று நிறையும். "ஏ, தேக், தேக்!" என்று பிள்ளைகள் ஒருத்தர் கையை ஒருத்தர் பார்த்துக் கத்துவார்கள். தில்லியில் பிறந்த பிள்ளைகள். தமிழ்ப் பள்ளியில் படித்தாலும் ஆச்சரியம் வந்தால் வாயில் இந்திதான் வரும்.

இதையெல்லாம் சொல்லித் தருகிற எனக்கு, சிறுநீரகம் என்பதே மெல்லிய இரத்தக் குழாய்களின் முடிச்சுகள் என்பதும் தெரியும். தந்துகிகளைச் சுருட்டி வைத்த லட்சக்கணக்கான முடிச்சுகள். அவற்றின் சுவர் ஒரே ஒரு செல் தடிமன்தான். அதன் வழியாகத்தான் கழிவு வடிகிறது. பல வருடம் அழுத்தம் கூடுதலாகவே இருந்தால் அங்கே போகிற சின்னத் தமனிகள் தடித்து, உள்வழி குறுகி, முடிச்சுகள் ஒவ்வொன்றாகப் பாழாகும். அவருக்கு இரத்த அழுத்தம் இருப்பது நாற்பது வயதிலேயே தெரிந்துவிட்டது. "எனக்கு ஒண்ணும் செய்யலையே" என்று மாத்திரையைப் பாதி நாள் விட்டுவிடுவார். நிஜமாகவே அவருக்கு ஒன்றும் செய்யவில்லை. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை. தமனிகளுக்கு வலியைச் சொல்லத் தெரியாது.

வீட்டில் அந்த வாரம் முழுக்க இதே பேச்சு. குருகிராமில் வேலை பார்க்கும் எங்கள் மகள் சனிக்கிழமை வந்ததும் அவளும் சேர்ந்துகொண்டாள்.

"அப்பா, இட்ஸ் ஜஸ்ட் எ ஸ்மால் சர்ஜரி. ஜித் பண்ணாதீங்கப்பா."

"பிடிவாதம் இல்லம்மா. தேவைப்படும்போது பாத்துக்கலாம்னு சொல்லுதேன்."

"பட் தேவைப்படும்போது அது ரெடியா இருக்காதே! அம்மா, நீங்க சம்ஜாவோ நா."

எனக்கும் அவருக்குப் புரியவைக்கத் தெரியவில்லை. அவருக்கு விளக்கம் போதாமல் இல்லை என்பது அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது பிடிபட்டது. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கையைக் கொடுத்துட்டா, ஆமா, எனக்கு இது வரத்தான் போகுதுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரிலா?" நான் இன்னொரு கரண்டி பீர்க்கங்காய்க் கூட்டு போட்டேன். அவர் வேண்டாமென்று சொல்லாமல் சாப்பிட்டார்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் அந்தப் பெண்ணைச் சந்தித்தோம். ஹரியானாக்காரி, ஐம்பது வயதிருக்கும். தலையில் துப்பட்டா, காலில் வெள்ளிக் கொலுசு. டயாலிசிஸ் முடிந்து, ஊருக்குப் போக மகன் வண்டி கொண்டுவருவதற்காகக் காத்திருந்தாள். நாங்கள் கேட்காமலேயே கடலைப்பருப்பு விலையிலிருந்து மருமகள் வரை பேசிக்கொண்டிருந்தாள். பேச்சின் நடுவில் அவள் இடது கை புடவைக்கடையில் துணி தடவுவதுபோல மடியில் அசைந்தபோது, உள்முழங்கையில் அந்தப் புடைப்பு தெரிந்தது. என் கணவர் கண்ணை எடுக்காமல் அதையே பார்த்தார். அவள் கவனித்துவிட்டாள்.

"ஹாத் லகா கே தேக் லோ, பாய்சாப். காட்டேகா நஹி."

தொட்டுப் பாருங்கள், கடிக்காது என்கிறாள். இவர் கூச்சப்பட்டு என்னைப் பார்த்தார். அவளோ கையை நீட்டியபடியே இருந்தாள். பிறகு இவர் இரண்டு விரலை அதன்மேல் வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார். மறுபடி வைத்தார். இந்தத் தடவை எடுக்கவில்லை.

"அதிருதுளா" என்றார் என்னிடம். "உள்ள மோட்டார் ஓடுத மாதிரி இருக்கு."

அவள் சிரித்தாள். இந்தக் கையால்தான் இரண்டு எருமையைப் பார்த்துக்கொள்கிறேன், பேரன் இதன்மேல் காதை வைத்துக்கொண்டே தூங்கிவிடுவான் என்றாள். பாரம் மட்டும் தூக்கமாட்டேன், இந்தக் கையில் வளையல் போடமாட்டேன் என்றாள். மகன் வந்துவிட்டான் என்று போன் வந்ததும் எழுந்து போய்விட்டாள். அவளை அப்புறம் நாங்கள் பார்க்கவேயில்லை. அவள் ஊருக்குப் பக்கத்தில் ரோத்தக்கிலேயே டயாலிசிஸ் செய்துகொள்ள அவளுக்கு இடம் கிடைத்துவிட்டதாக ஒரு நர்ஸ் சொன்னார்.

அன்றைக்கு உள்ளே போனதும் என் கணவர் டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி, ஆபரேஷனுக்கு எப்போது வரலாம் என்பது.

நவம்பரில் இடது மணிக்கட்டில் செய்தார்கள். கையை மட்டும் மரத்துப்போகவைத்துச் செய்கிற ஆபரேஷன் என்பதால் அவருக்கு எல்லாம் காதில் விழுந்துகொண்டிருந்ததாம். சர்ஜனும் உதவியாளரும் கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தார்கள், அதனால் எனக்குப் பயமே இல்லை என்றார். கட்டுக்குப் பக்கத்தில் என் விரலை வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். இருந்தது. மிக மெல்லிய துடிப்பும் அதிர்வும் கலந்த ஒன்று. நாடி விட்டுவிட்டு அடிக்கும். இது விடாமல் இரைந்துகொண்டே இருந்தது.

உடம்பில் வழக்கமான பாதை வேறு. தமனி கிளைத்துக் கிளைத்து, கடைசியில் சிவப்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்து போகும் அளவுக்கு மெல்லிய தந்துகியாகும். அங்கே வேகமெல்லாம் அடங்கி, ஆக்சிஜனைக் கொடுத்து, கழிவை வாங்கி, அப்புறம்தான் இரத்தம் சிரைக்குள் சேரும். சிரைக்கு வந்துசேரும்போது அழுத்தம் அநேகமாக ஒன்றுமில்லை. நாம் கைகாலை அசைக்கும்போது தசைகள் பிழிந்து அனுப்புகின்றன, வால்வுகள் திரும்பாமல் பார்த்துக்கொள்கின்றன. அமைதியான வேலைக்காக மெல்லிதாக அமைந்த குழாய் அது. அதன்மேல் இப்போது இதயத்தின் முழு வேகமும் நேராக வந்து மோதிக்கொண்டிருந்தது. அது தாங்குமா என்பதுதான் அந்தக் குளிர்காலம் முழுக்க எனக்கிருந்த கவலை.

ரப்பர் பந்தை அமுக்கச் சொல்லியிருந்தார்கள். டி.வி. பார்க்கும்போது, போன் பேசும்போது, பால்கனியில் வெயில் காயும்போது அமுக்கிக்கொண்டே இருப்பார். வாட்ச் வலது கைக்கு மாறியது. ஸ்வெட்டரின் இடது கைமுனையை நான் பிரித்துத் தளர்த்தித் தைத்தேன். மகள் ஆஸ்பத்திரி எதிர்க்கடையிலிருந்து ஒரு ஸ்டெதஸ்கோப் வாங்கிவந்து, அவர் கையில் வைத்துக் கேட்டாள். "அப்பா, வாஷிங் மெஷின் மாதிரி சவுண்ட் வருது!" என்றாள். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. யார் வீட்டுக்கு வந்தாலும், "வாஷிங் மெஷின் கேக்குதியளா?" என்று கையை நீட்ட ஆரம்பித்தார்.

ஜனவரியில் அவருக்கு வயிறு கெட்டது. வெளியே எதையும் சாப்பிடவில்லை. என்ன ஒத்துக்கொள்ளவில்லை என்றே தெரியவில்லை. ஒரு பகல் முழுக்க வாந்தியும் பேதியுமாகக் கிடந்தார். சாயங்காலம் அடங்கியது. மறுநாள் காலையில் மூடுபனி ஜன்னல்வரை வந்து நின்றிருந்தது. அளந்து கொடுக்கும் அரை டம்ளர் காபியை எடுத்துக்கொண்டு போனேன். ரஜாயைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"கையைக் காட்டுங்க" என்றேன். தினமும் காலையில் கேட்பதுதான்.

"காபியக் குடிச்சிட்டுக் காட்டுதேன்."

குடித்தார். மெதுவாகக் குடித்தார். டம்ளரைக் கொடுத்த பிறகும் இடது கை ரஜாய்க்குள்ளேயே இருந்தது. நானே ரஜாயை விலக்கி அந்த மணிக்கட்டைத் தொட்டேன். ஒன்றுமில்லை. நாலு விரலையும் வைத்து அழுத்தினேன். காதை வைத்துப் பார்த்தேன். தோல்தான் இருந்தது. சத்தம் இல்லை.

"எப்பலேர்ந்து?"

"முழிச்சதும் பாத்தேன். அப்பவே இல்ல."

"எழுப்பியிருக்கலாம்ல? ஏன் சொல்லாம இருந்திய?"

"சொன்னா நெஜமாயிரும்னு இருந்துச்சுளா" என்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அப்போதுதான். என் மாமனார் இறந்தபோதுகூடக் கலங்காத மனிதர்.

மூடுபனியில் டாக்சி ஊர்ந்துதான் போனது. உடம்பில் நீர் குறைந்து, அழுத்தம் இறங்கி, ஓட்டம் மந்தமாகி, தைத்த இடத்தில் இரத்தம் உறைந்துவிட்டது என்றார் சர்ஜன். குளிரிலும் குழாய்கள் சுருங்கும். அவர் சிரையும் ஆரம்பத்திலிருந்தே மெல்லியது. உறைந்ததை எடுத்துப் பார்த்தார்கள். மறுபடி ஓடவில்லை. அதே வாரம் இரத்தப் பரிசோதனை முடிவும் மோசமாகிவிட்டதால், கழுத்தில் ஒரு குழாயைப் பொருத்தி டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்த மாதங்களை நினைத்தால் முதலில் எனக்கு ஞாபகம் வருவது அவருடைய கழுத்துத் துணிக்கட்டுதான். நனையக் கூடாது, அழுக்குப் படக் கூடாது. தலைக்குத் தண்ணீர் ஊற்ற முடியாது. பக்கவாட்டில் திரும்பிப் படுக்கப் பயம். அவர் அதிகம் பேசுவதை நிறுத்திவிட்டார். ஆபீசிலிருந்து வந்த நண்பர்களிடம், எல்லாம் சரியாக இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொண்டார். எனக்குச் சொல்ல வேண்டிய அறிவியல் எல்லாம் தெரிந்திருந்தது. ஒரு குழாய் அடைபட்டால் உடம்பு பக்கத்துக் கிளைகளில் புதுவழி உண்டாக்கிக்கொள்ளும் என்று தெரியும். அவரிடம் போய் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பள்ளியிலிருந்து வந்ததும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவேன். அவர் சில சமயம் ஒரு தாளை எடுத்துப் படிப்பார். அவ்வளவுதான்.

இரண்டாவது ஆபரேஷனை அவரேதான் கேட்டார். பிப்ரவரி கடைசியில் ஒரு நாள் டாக்டர் அறையில், நான் வாயைத் திறப்பதற்கு முன்னால், "கோஹ்னி மே கர் தீஜியே, டாக்டர் சாப்" என்று தன் இடது முழங்கையைக் காட்டினார். வீட்டுக்கு வரும்போது நான் காரணம் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: "ஒருதடவ தல நனையக் குளிக்கணும்."

முழங்கையில் குழாய்கள் பெரியவை. தைத்த அன்றே அதிர்வு பலமாக இருந்தது. நாங்கள் இந்த முறை யாருக்கும் சொல்லவில்லை, யாரிடமும் கையை நீட்டவுமில்லை. ஹோலி போயிற்று. மரங்கள் இலை கொட்டித் துளிர்த்தன. தோலுக்கடியில் சிரை முதலில் பென்சில் போலத் தெரிந்தது, அப்புறம் என் சுண்டுவிரல் அளவுக்கு வந்தது. ஸ்கேன் பார்த்த டாக்டர் சுவர் நன்றாகத் தடித்திருக்கிறது என்றார். அந்தச் சொல்லை நான் வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். யாரும் அந்தச் சிரைக்கு வெளியிலிருந்து புதுச் சுவர் எடுத்துக் கட்டவில்லை. அழுத்தம் வந்துகொண்டே இருந்தது; அது தன் தசையைத் தானே கூட்டிக்கொண்டது. முன்னால் மணிக்கட்டில் உறைந்ததும் இதே உடம்பின் சிரைதான். அதைக் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அதற்குக் காலம் போதவில்லை, நீர் போதவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. இரத்தத்தில் ஒரு பங்கு குறுக்கு வழியில் திரும்பிவிடுவதால் இடது கை விரல்கள் எப்போதும் கொஞ்சம் குளிர்ந்திருக்கும். இதயமும் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. அதை அவ்வப்போது பரிசோதித்துக்கொள்கிறோம். குளிர்காலத்தில் அவர் இடது கைக்கு மட்டும் கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

மே மாதத்தில் முதன்முதலாக அந்தக் கையில் ஊசி போட்டார்கள். இரத்தம் வெளியே வர ஒன்று, உள்ளே போக ஒன்று. தடித்த ஊசிகள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். குழாயில் இரத்தம் கிடுகிடுவென ஏறியதைப் பார்த்ததும் நர்ஸ், "அச்சா ஃப்ளோ ஹை" என்றாள், ஓட்டம் நன்றாக இருக்கிறதாம். சில வாரம் கழித்துக் கழுத்துக் குழாயை எடுத்தார்கள். காயம் ஆறியதும், வெயில் கொளுத்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளியலறையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. தண்ணீர் டாங்க் காலியாகும் என்று மகள் கதவைத் தட்டினாள். "ஆகட்டும்!" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

இப்போது வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். மற்ற நாட்களில் ஆபீஸ். சோர்வு இருக்கிறது. சில நாள் எரிச்சலும் இருக்கிறது. பொட்டாசியம் அதிகம் என்பதால் இளநீர், வாழைப்பழம் எல்லாம் நின்றுவிட்டன. என் சிறுநீரகத்தைக் கொடுக்க முடியுமா என்று பார்த்தோம். எனக்குச் சர்க்கரை இருப்பதால் கூடாது என்றுவிட்டார்கள். மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில் பெயரைப் பதிந்து வைத்திருக்கிறோம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குக் கிளம்பினோம். நம்மூர்க் காய் அங்கேதான் நன்றாகக் கிடைக்கும். ஜோர் பாக்கில் மெட்ரோ ஏறினால் அடுத்த ஸ்டேஷன். வெயிலானாலும் அவர் முழுக்கைச் சட்டைதான். பாதுகாப்புச் சோதனையில் பெண்கள் வரிசை சீக்கிரம் நகர்ந்தது. நான் வெளியே வந்து நின்று பார்த்தேன். ஆண்கள் பக்கம் அந்த இளம் காவலர் இவர் கையைத் தடவிக்கொண்டு வந்தவர், முழங்கையில் திடுக்கிட்டு நிறுத்தினார்.

"அங்கிள், யே க்யா ஹில் ரஹா ஹை? போன் ஹை அந்தர்?"

சட்டைக்குள் போனை ஒளித்துவைத்து, அது அதிர்கிறது என்று நினைத்துவிட்டார். பின்னால் வரிசை நீண்டது. நான் பதறிக்கொண்டு ஓரடி முன்னால் போனேன். இவர் நிதானமாக பட்டனைக் கழற்றிச் சட்டையைச் சுருட்டினார். காவலர் அந்தப் புடைப்பைப் பார்த்தார், இவர் முகத்தைப் பார்த்தார்.

"கோயி மஷீன் லகாயி ஹை?"

"மஷீன் நஹி, பையா" என்றார் என் கணவர். "மேரா ஹி கூன் ஹை."

இயந்திரம் ஒன்றுமில்லை, என் இரத்தம்தான் என்று. காவலர் தன் உள்ளங்கையை மறுபடி அதன்மேல் வைத்தார். இந்த முறை சோதனைக்காக வைத்ததாகத் தெரியவில்லை. சிறிது நேரம் அப்படியே நின்றார். பின்னாலிருந்து ஒருவர் "ஜல்தி கரோ" என்று அவசரப்படுத்தியதும் கையை எடுத்து, "ஜாயியே அங்கிள், ஆராம் சே" என்று, மெதுவாகப் போகச் சொன்னார்.

ரயிலில் ஒரு கல்லூரிப் பெண் எழுந்து அவருக்கு இடம் கொடுத்தாள். ஒரே ஸ்டேஷன்தான், வேண்டாம் என்று நின்றுகொண்டே வந்தார். மார்க்கெட்டில் புடலங்காய் நன்றாக இருந்தது. முருங்கைக்காய் முற்றலாக இருக்கிறது என்று கடைக்காரரோடு வாதாடினார். அப்படியும் இரண்டு கட்டு வாங்கினார். பையை வலது கையில் மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் கூட்டத்துக்குள் நடந்தார்.